விண்ணுக்கு ஒரு விண்ணப்பம்

'விண்ணப்பம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் என்ன வருகிறது? தாலுகா ஆபீஸ் வராந்தா, பழுப்பேறிய பைல்கட்டு, ரப்பர் முத்திரை, "நாளைக்கு வாங்க" என்ற திருவாய்மொழி - இவைதாம் வருகின்றன. இல்லாதவன் இருப்பவனிடம் கையைக் கட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பதற்குத்தான் விண்ணப்பம் என்று பெயர் என நாமாகவே முடிவு கட்டி விட்டோம். பாவம், அந்தச் சொல்லுக்கு நாம் பெரிய அநியாயம் இழைத்து விட்டோம்.

வடமொழியில் 'விஞ்ஞாபனம்' என்று ஒரு சொல். அதுதான் தமிழுக்கு வந்து உருமாறி 'விண்ணப்பம்' ஆயிற்று. விஞ்ஞானம் என்றால் அறிதல். விஞ்ஞாபனம் என்றால் அறிவித்தல். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. உடன் பிறந்தவை என்றே சொல்லலாம். ஆக, விண்ணப்பம் என்பது யாசகம் அல்ல. தனக்குத் தெரிந்த ஒன்றை, அது தெரிய வேண்டிய இடத்தில் தெரிவிப்பதுதான் விண்ணப்பம்.

இந்த ஆராய்ச்சி இப்போது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். விஞ்ஞானிகள் விண்ணப்பம் எழுதும் காலம் இது. அயல் நாட்டாரோடு கூட்டுச் சேர்ந்து செயற்கைக்கோள் செய்கிறோம், அதற்குப் பணம் வேண்டும் என்று சர்க்காருக்கு மனுப் போடுகிறார்கள். பெரிய ஸ்தாபனங்கள் மட்டுமல்ல, பத்துப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளும் போடுகின்றன. இதெல்லாம் நேற்று முளைத்த சங்கதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் காஞ்சிபுரத்துக்காரன். எங்கள் ஊரில் எதை எடுத்தாலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு முன்னோடி இருந்தே தீரும். இதற்கும் இருக்கிறது.

காரைக்காலுக்குப் பக்கத்தில் காசாக்குடி என்று ஓர் ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் 11 செப்பேடுகள் அகப்பட்டன. காஞ்சியில் இருந்து ஆண்ட நந்திவர்ம பல்லவமல்லன் தன்னுடைய 22ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது எட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. கிராமத்தின் பெயர் கொடுகொள்ளி. கொடுப்பதையும் கொள்வதையும் பற்றிய சாசனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயரை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்ய முடியாது!

அரசன் கொடுத்தான், அந்தணர் வாங்கினார் என்று ஒரு வரியில் முடித்துவிடவில்லை அந்தச் சாசனம். விண்ணப்பம் செய்தவர் யார் என்று எழுதியிருக்கிறது. முதன் மந்திரியான பிரம்மயுவராஜன். அரசனின் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் யார் என்றும் எழுதியிருக்கிறது, கோரசர்மன். அந்தப் பொறுப்பாளிக்கு 'ஆணத்தி' என்று பெயர். அரசனின் ஓலை, 'திருமுகம்' என்ற மரியாதையோடு, ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டாருக்குப் போகிறது. அவர்கள் அதைத் தொழுது தலைமேல் வைத்துக் கொள்கிறார்கள். பிறகு ஊரைச் சுற்றி நடந்து, எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் கணக்கு முடிகிறது. அந்த ஊருக்கு எந்தெந்த வரிகள் நீக்கப்பட்டன என்றும் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அதில் செக்கும் வருகிறது, தறியும் வருகிறது. தறி இல்லாமல் காஞ்சியைப் பற்றிய கணக்கு ஏது?

கேட்டவர் யார்? பொறுப்பு யாருக்கு? எல்லை எது? விலக்கு எவை? இந்த நான்கையும் பல்லவர் காலத்து எழுத்தர்கள் செம்பில் வெட்டி வைத்தார்கள். இன்று அச்சிட்ட பாரங்களில் பத்திப் பத்தியாகக் கேட்பதும் இந்த நான்கைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நந்திவர்மனே ஒரு விண்ணப்பத்தினால் கிடைத்த அரசன்! முன்னிருந்த மன்னன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, காஞ்சியிலிருந்து பெரியவர்களும் கடிகையாரும் புறப்பட்டுப்போய், பல்லவர் கிளைக் குடும்பத்தைச் சேர்ந்த இரணியவர்மனிடம் "எங்களுக்கு ஓர் அரசன் வேண்டும்" என்று கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மூவரும் மறுத்தார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி "நான் போகிறேன்" என்றான். வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் இந்தக் கதை முழுவதும் வரிசை வரிசையாகச் சிற்பமாக இருக்கிறது. அடுத்த முறை காஞ்சிக்கு வருகிறவர்கள், பட்டுக் கடையில் செலவிடும் நேரத்தில் கால் பங்கை அங்கே செலவிடலாம்.

இது உள்நாட்டு விவகாரம். அயல்நாட்டுக் கூட்டுறவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக வேண்டும். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 720ஆம் ஆண்டில் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பினான். இதைச் சீனர்கள் தங்கள் அரச வரலாற்றிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜசிம்மன் என்ன கேட்டான்? பொன் கேட்டானா, படை கேட்டானா? இல்லை. "என்னிடம் போர் யானைகளும் குதிரைகளும் இருக்கின்றன. அராபியரையும் திபெத்தியரையும் அடக்க அவற்றைக் கொண்டு வருகிறேன். என் படைக்கு நீங்கள் ஒரு பெயர் சூட்ட வேண்டும்" என்று கேட்டான். பேரரசன் மகிழ்ந்து, 'நல்லொழுக்கத்தைப் போற்றும் படை' என்று பொருள்படும் பெயரை அளித்தான். சீனப் பேரரசின் பொருட்டு ராஜசிம்மன் எழுப்பிய ஒரு கோயிலுக்கும் அங்கிருந்து பெயர் எழுதி வந்தது.

எத்தனை நயமான விண்ணப்பம் பாருங்கள்! 'என்னிடம் என்ன இல்லை' என்று அவன் தொடங்கவில்லை. 'என்னிடம் என்ன இருக்கிறது' என்று தொடங்கினான். கேட்டது ஒரு பெயர். கொடுக்க முன்வந்தது யானைப்படை. தென்சீனக் கடலில் கப்பல் விடும் வணிகர்களை உடைய அரசனுக்கு, சீனப் பேரரசன் சூட்டிய பெயர் எவ்வளவு பெறும் என்பது தெரியாதா?

இனி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நம் காலத்துக்கு வருவோம்.

1962ஆம் ஆண்டில் இந்தியாவிடம் ராக்கெட் இல்லை. ராக்கெட் செய்யப் பட்டறையும் இல்லை. அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆராய்ச்சிக்கென்று ஒரு தேசியக் குழுவை அந்த ஆண்டு அமைத்து, விக்ரம் சாராபாயை அதன் தலைவராக்கினார்கள். குழுவிடம் இருந்தது ஒன்றே ஒன்று: இடம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், வாயு மண்டலத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராய ஆசைப்பட்ட விஞ்ஞானிகள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களுடைய நாட்டில் ராக்கெட் இருந்தது; காந்தக் கோடு இல்லை. நம்மிடம் காந்தக் கோடு இருந்தது, ராக்கெட் இல்லை. ராஜசிம்மனின் யானைக்குப் பதிலாக இப்போது ஒரு கோடு!

திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பா என்ற மீனவர் குப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த மாதா கோயிலை அதன் மக்கள் விஞ்ஞானத்துக்காக விட்டுக் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிற்று. ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. பின்னால் ருஷ்யாவும் கம்ப்யூட்டரும் ஹெலிகாப்டரும் கொடுத்து உதவிற்று. 1968 பிப்ரவரியில் பிரதம மந்திரி இந்திரா காந்தி தும்பாவை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். எந்த நாட்டு விஞ்ஞானியும் அங்கே வந்து ஆராயலாம் என்று ஆயிற்று.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். இத்தகைய கூட்டுகளில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பணம் கொடுப்பது அபூர்வம். அவரவர் பங்குச் செலவு அவரவரைச் சேர்ந்தது. கல்யாணத்தில் பெண் வீட்டார் செலவு பெண் வீட்டாருக்கு, பிள்ளை வீட்டார் செலவு பிள்ளை வீட்டாருக்கு என்று பேசிக்கொள்வது போலத்தான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் வரை இந்த முறைதான். ஒரு ராடார் அமெரிக்கர் செய்தது, மற்றொரு ராடார் நாம் செய்தது, ராக்கெட் நம்முடையது. மொத்தச் செலவு சுமார் 150 கோடி டாலர். நம் பங்கு 788 கோடி ரூபாய். அதனால்தான் அயல்நாட்டானோடு கூட்டுச் சேர விரும்புகிறவன் முதலில் சொந்த சர்க்காரின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. சம்பந்தம் பேசப் போகிறவன் முதலில் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமல்லவா?

பெட்டி காலியாக இருந்தால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தாரோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர்கள் 'வைக்கிங்' என்ற திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வித்தை நமக்கு வேண்டும். அதற்கு ஈடாக இந்தியா கொடுக்க ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? நம் எஞ்சினியர்களின் நூறு ஆள்-ஆண்டு உழைப்பு. அதாவது நூறு பேர் ஓராண்டு உழைத்தால் எவ்வளவோ அவ்வளவு. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் முதலானோர் பிரான்ஸுக்குப் போய் வேலை செய்தார்கள். வேலை செய்துகொண்டே கற்றார்கள். திரும்பி வந்து 'விகாஸ்' எஞ்சினைச் செய்தார்கள். 2023இல் சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டிலும் அந்த விகாஸ் இருந்தது. கூலியாக வித்தையை வாங்கி வந்தவர்கள் அவர்கள்.

அதே காலத்தில் ஐரோப்பிய நாடுகள் 'ஏரியான்' என்ற புதிய ராக்கெட்டைச் சோதித்துக்கொண்டிருந்தன. சோதனைப் பயணத்தில் வெறும் சுமையை ஏற்றி அனுப்புவதைவிட யாராவது செயற்கைக்கோள் கொண்டுவந்தால் கட்டணமில்லாமல் ஏற்றிச் செல்கிறோம் என்று அறிவித்தார்கள். இந்தியா விண்ணப்பம் போட்டது; இடம் கிடைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஆப்பிள்'. அதன் திட்ட இயக்குநர் நம் ஆர். எம். வாசகம். அதை ஒரு மாட்டு வண்டியில் வைத்து எடுத்த புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு 'ஐயோ, நம் ஏழ்மை!' என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. உண்மை என்னவென்றால், ஆண்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் அளவு கெட்டுப்போகும். ஆகவே மரவண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழ்மையின் அடையாளம் என்று நாம் நினைத்தது கெட்டிக்காரத்தனத்தின் அடையாளம்!

1981 ஜூன் 19 அன்று தென் அமெரிக்காவில் உள்ள கூரூவிலிருந்து ஆப்பிள் புறப்பட்டது. மேலே போனபின் அதன் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. மடித்தது மடித்தபடி நின்றுவிட்டது. இருந்தும், ஒற்றைத் தகட்டின் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதை வேலை வாங்கினார்கள். அந்த விரியாத தகட்டை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்ன விண்ணப்பங்களெல்லாம் அரசன் அரசனுக்கும், அரசாங்கம் அரசாங்கத்துக்கும் போட்டவை. 2020ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் விண்வெளித் தொழில் தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. அவர்களுக்கு அனுமதியும் ஆதரவும் அளிப்பதற்கு 'இன்-ஸ்பேஸ்' என்ற அமைப்பு ஏற்பட்டது. 2024 அக்டோபரில் 1,000 கோடி ரூபாய்க்கு ஒரு நிதியை மத்திய மந்திரி சபை அனுமதித்தது. அது மானியம் அல்ல, பங்கு முதலீடு. 2025இல் தமிழ்நாட்டு அரசும் விண்வெளித் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. கடல் கடந்தும் கதவுகள் திறந்தன. இந்தியாவோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்கென்றே ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு மானியத் திட்டம் வகுத்து, 2024இல் மூன்று கம்பெனிகளுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வழங்கிற்று. பணம் பெற்றவை ஆஸ்திரேலியக் கம்பெனிகள்; தோள் கொடுப்பவை இந்தியக் கம்பெனிகள்.

காஞ்சிபுரம் ஜில்லா என்றால் கோயிலும் பட்டும் மட்டுமல்ல. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இந்த ஜில்லாவில்தான் இருக்கின்றன. மோட்டார்த் தொழிற்சாலைகளைச் சுற்றிச் சிறு சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நடத்தும் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தேடி வந்தான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரின் மகன். எஞ்சினியரிங் படித்துவிட்டு, இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து தொழில் தொடங்கியவன். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"சார், நீங்க எழுதறவரு. இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணோட சேர்ந்து மானியத்துக்குப் போடறோம்" என்றான்.

வாசித்தேன். அசல் தாலுகா ஆபீஸ் மனு! 'நாங்கள் சிறிய நிறுவனம், போதிய நிதி வசதி அற்றவர்கள், தயை கூர்ந்து...' என்று முதல் பக்கம் முழுவதும் அழுகை.

"தம்பி, உங்க பட்டறையிலே என்ன செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"கீல் சார். சாடிலைட்டோட சோலார் பானலை விரிக்கிற கீல்."

"அதிலே என்ன கஷ்டம்? எங்க வீட்டுக் கதவிலே கூடத்தான் கீல் இருக்கு."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அரை மணி நேரம் பேசினான். ராக்கெட்டின் மூக்குக்குள் இடம் போதாது. ஆகையால் தகட்டை மடித்து வைக்கிறார்கள். மேலே போனதும் அது தானாக விரிய வேண்டும். வெயில் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். எண்ணெய் போடலாமென்றால், காற்றில்லாத இடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மெதுவாக விரிந்தால் நடுவில் நின்றுவிடும். வேகமாக விரிந்தால் உதறி முறியும். "வாழ்நாள்லே ஒரே தடவை திறந்தா போதும் சார். ஆனா அந்த ஒரு தடவை திறந்தே ஆகணும். போய்த் தட்டிப் பார்க்க முடியாது" என்றான். ஆப்பிளின் விரியாத தகட்டைப் பற்றி அவன்தான் எனக்கு முதலில் சொன்னவன். தோற்றுப்போன கீல்கள் எங்கெங்கே எப்படித் தோற்றன என்பதை ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான்.

"இதை ஏன் முதல் பக்கத்திலே எழுதலே?" என்றேன்.

"பெருமை அடிச்சுக்கிற மாதிரி இருக்குமேன்னு..."

ராஜசிம்மன் கதையை அவனுக்குச் சொன்னேன். யானையை முதல் வரியில் நிறுத்தச் சொன்னேன்.

அந்தப் பாரத்தைப் படிக்கப் படிக்க எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. தயார்நிலைக்கு ஓர் எண் கேட்கிறார்கள்: ஒன்று முதல் ஒன்பது வரை. வெறும் யோசனையாக இருந்தால் ஒன்று. விண்ணில் போய் வேலை செய்து காட்டியிருந்தால் ஒன்பது. மானியம் முழுச் செலவுக்கும் கிடைப்பதில்லை. நம் பங்கையும் போட வேண்டும். பணமும் முன்னால் வருவதில்லை. ஒவ்வொரு படியாக வேலையை முடித்துக் காட்டிய பிறகு வருகிறது. அதுவரை சம்பளத்துக்கும் உலோகத்துக்கும் கைப்பணம் வேண்டும். வரைபடம் ஒன்றை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதுகூட ஏற்றுமதியாகக் கருதப்படலாம்; சிலவற்றுக்கு முன்கூட்டி உரிமம் பெற வேண்டும். திட்டத்துக்குப் பொறுப்பாளி யார் என்று ஒரு கட்டம் இருந்தது. பையன் 'மூவரும்' என்று எழுதியிருந்தான். "ஆணத்தி ஒருவர்தான் இருக்க முடியும்" என்று சொல்லி அடிக்கச் சொன்னேன். மூன்று பேர் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம். இது பல்லவனுக்கே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் திருத்திய பிரதியோடு வந்தான். கூடவே அவன் தகப்பனாரும் வந்திருந்தார். நாற்பது வருஷமாகத் தறிக்குழியில் கால் வைத்த மனுஷர். பையன் கூட்டு ஒப்பந்தத்தை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக் கம்பெனி உலோகத்தையும் சோதனைக் கருவிகளையும் கொடுக்கும். இவர்கள் வேலையைக் கொடுப்பார்கள்.

பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "பாவு அவங்களுது. தறி நம்மளுது. சரி. சேலை யாருது?"

பையன் விழித்தான்.

காஞ்சிபுரத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். கூலி நெசவில் பாவு, ஊடை, ஜரிகை மூன்றும் முதலாளி கொடுப்பது. தறியும் உடம்பும் நெசவாளியுடையவை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரையோடு உடலை இழை இழையாகக் கோத்து வாங்க இன்னொரு கை உதவிக்கு வேண்டும். பெண்டு பிள்ளைகள் அந்தக் கையாக இருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு சேலை முதலாளிக்கு; நெசவாளிக்குக் கூலி. புதிதாக ஒரு புட்டாவையோ ஓர் அன்னத்தையோ அவன் மனத்தில் கண்டு நெய்திருந்தாலும் அதுவும் சேலையோடு போய்விடும். நாளை அதையே பத்துத் தறியில் ஓட்டுவார்கள். கண்டவன் பெயர் எதிலும் இராது. கூட்டுறவுச் சங்கங்களை நெசவாளிகள் நாடியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தோம். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் அந்த ஷரத்து இருந்தது. இந்த வேலையின்போது உண்டாகும் புதுமைகள் அனைத்தும் வெளிநாட்டுக் கம்பெனியையே சேரும் என்றது அது. பையன் அதை வழக்கமான சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தான். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிய தோல்விகளுக்கும், அவற்றிலிருந்து பிறக்கப் போகும் வெற்றிக்கும் சேர்த்து அவன் கையெழுத்துப் போட இருந்தான்.

கம்பெனிக்கு எழுதினார்கள். 'நாங்கள் கொண்டுவருவது எங்களுடையது. நீங்கள் கொண்டுவருவது உங்களுடையது. சேர்ந்து கண்டுபிடிப்பது இருவருக்கும்' என்று ஷரத்தை மாற்றக் கோரினார்கள். பதில் உடனே வரவில்லை. அவர்களுடைய வக்கீல்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். இங்கே விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தது, போயிற்று. அந்தச் சுற்று கைவிட்டுப் போய்விட்டது. சிநேகிதர்களில் ஒருவன், "ஒரு வரிக்காக ஒரு வருஷத்தைத் தொலைச்சோம்" என்று கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் மோட்டார்க் கம்பெனிக்கு உதிரி பாகம் கடைந்து பட்டறை வாடகையைக் கட்டினார்கள்.

அவர்கள் செய்தது சரிதானா என்று என்னைப் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கையில் வந்த அதிர்ஷ்டத்தை ஷரத்துப் பேசி விரட்டுவதா? ஒன்றுமில்லாதவனுக்கு இத்தனை ரோஷம் ஆகுமா?

எனக்குத் தோன்றுவது இதுதான். தும்பாவில் நாம் இடத்தைக் கொடுத்தோம். ஆனால் இடம் நம்முடையதாகவே இருந்தது. அங்கே ராக்கெட் விடக் கற்றவர்கள் பின்னால் சொந்த ராக்கெட் செய்தார்கள். பிரான்ஸில் உழைப்பைக் கொடுத்தோம். ஆனால் வித்தையோடு திரும்பி வந்தோம். நிசார் காணும் படங்களை எந்த நாட்டாரும் கட்டணமின்றிப் பெறலாம் என்று முன்பே பேசி முடித்திருக்கிறார்கள். அதனால் அங்கே 'சேலை யாருக்கு?' என்ற கேள்விக்கு 'உலகத்துக்கு' என்பது விடை. இந்தக் கூட்டுகளிலெல்லாம் விடை வெவ்வேறாக இருந்தது. ஆனால் எதிலும் கேள்வி கேட்கப்படாமல் இருக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் இன்று விகாஸ் இருக்குமா? நூறு ஆள்-ஆண்டுக் கூலியை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மானியம் கொடுப்பவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சிறு பட்டறைக்காரனுக்கு வக்கீல் கிடையாது. கடைசித் தேதியைக் குறிக்கும்போது, கூட்டாளிகள் எல்லை பேசி முடிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம். இப்படிப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தரும் ஆணத்தி ஒருவரை அலுவலகத்தில் உட்கார வைக்கலாம். சர்க்காரின் பணத்தில் பிறக்கும் வித்தை நாட்டை விட்டுப் போய்விட்டால், நஷ்டம் பட்டறைக்காரனுக்கு மட்டுமல்லவே?

பிறகு என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி கடைசியில் இணங்கிற்று. அவர்களும் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்; தோல்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை. ஷரத்து மாறிற்று. அடுத்த சுற்றில் விண்ணப்பம் போயிருக்கிறது. முதல் வரியில் கீல் இருக்கிறது. பொறுப்பாளி என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். மானியம் என்பது கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடுவதல்ல.

ஆனால் கொடுகொள்ளியின் எல்லையைச் சுற்றி நடந்த நாட்டார் செய்ததை இந்தப் பிள்ளைகளும் செய்துவிட்டார்கள். நெல் விளைவதற்கு முன்பே கல்லும் கள்ளியும் நட்டாயிற்று. இனிமேல் விளைவது எவ்வளவாக இருந்தாலும், எது யாருடையது என்பதில் சந்தேகம் இராது.